கொள்ளுத்தாத்தாவைத் தேட: பழைய பத்திரமா, பிறப்பு இறப்புப் பதிவேடா?

ஜமீன்தாரின் வாழ்க்கையைச் சொல்லக் கல்வெட்டும் கடிதமும் இருக்கும். நாலு காணி வைத்திருந்த நம் கொள்ளுத்தாத்தாவுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டுதான்.

செலவு: பதிவேட்டு நகலுக்குச் சிறிய கட்டணம். பத்திரம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தால் செலவே இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடினால் பணமும் அலைச்சலும் உண்டு.

தேடும் வழி: பதிவேட்டுக்கு ஊரும் ஆண்டும் ஓரளவாவது தெரிய வேண்டும். பெயர் வைக்குமுன்பே பதிந்திருப்பார்கள் என்பதால் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கலாம். தகப்பன் பெயரை வைத்துத் தேடுங்கள். பத்திரத்தை ஆள் பெயரையோ நிலத்தின் சர்வே எண்ணையோ வைத்துத் தேடலாம்.

கிடைப்பது: பதிவேட்டில் தேதி, பெற்றோர், சில சமயம் இறப்பின் காரணம். பத்திரத்தில்தான் குடும்பமே தெரியும். அதிலும் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒரு புதையல்: அண்ணன் தம்பிகள் வரிசையாக, 'மைனருக்குத் தாயார் கார்டியன்' என்ற வரி, யாருக்கு மாட்டுக்கொட்டகை, யாருக்குக் கிணற்றில் பங்கு, கடைசியில் மை படிந்த கைநாட்டு. அந்த ரேகையைப் பார்த்தால் மனசு நெகிழ்ந்துவிடும்.

சரி, எதை எடுப்பது? வயதும் தேதியும் வேண்டுமென்றால் பதிவேடு. எப்படி வாழ்ந்தார்கள் என்று அறியப் பத்திரம். நிலமே இல்லாத குடும்பமா? நேராகப் பதிவேட்டுக்குப் போங்கள்.