கையடக்க ஏடிஎஸ்-பி ரிசீவரும் என்னைத் துரத்தும் பேயும்

விமானம் ஓட்டப் பழகும் நண்பர் ஒருவர், கையடக்க ஏடிஎஸ்-பி ரிசீவர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். சுற்றியுள்ள விமானங்கள் தாம் இருக்கும் இடத்தை ரேடியோ சிக்னலாக அறிவிப்பதை வாங்கி, ஐபேட் திரையில் காட்டும் சின்னக் கருவி அது. கலிஃபோர்னியாவில் செஸ்னா 172 என்ற சிறிய விமானம் ஓட்டும்போது சில வருடங்களாகவே அதை வைத்துக்கொண்டுதான் பறக்கிறேன். பேட்டரி, ஆன்டெனா சமாச்சாரமெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. எனக்கு அதன்மேல் உள்ள கோபம் ஒன்றுதான்: என் விமானத்தையே மோத வரும் இன்னொரு விமானமாகக் காட்டுகிறது.

என் விமானம் தான் இருக்கும் இடத்தைத் தானே அறிவித்துக்கொண்டே போகிறது. தரையிலிருக்கும் ரேடாரும் அதைப் பார்க்கிறது. ஏடிஎஸ்-பி இல்லாதவர்களும் நம் திரையில் தெரியட்டும் என்று, ரேடாரில் பட்டவர்களை எஃப்ஏஏ (அமெரிக்க விமானத் துறை) தரை நிலையங்கள் வழியாக நமக்கு அனுப்பி வைக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டும் ஒரே விமானம் என்று எங்காவது பிடிபடாமல் போனால், சில நொடிகளுக்கு முன் நான் இருந்த இடத்தில் ஒரு பேய் கிளம்பிவிடும். நேராகப் போகும்வரை வாலுக்குப் பின்னால் சாதுவாக வரும். திரும்பினால் போச்சு, அதே உயரத்தில் பக்கவாட்டில் பாய்ந்து வருவது போல் காட்டி, ஹெட்செட்டில் “டிராஃபிக்! டிராஃபிக்!” என்று கத்தும். இது என் விமானம்தான் என்று ரிசீவருக்குத் தெரிய, அதன் ஐசிஏஓ குறியீட்டை, அதாவது விமானத்தின் தனி அடையாள எண்ணை, சரியாகத்தான் பதிந்து வைத்திருக்கிறேன். தயாரிப்பாளருக்கு எழுதினேன், அப்டேட் போடச் சொன்னார்கள். போட்ட பிறகு பேய் வருவது குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வெட்டவெளியில் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். வழிநடத்தக் கட்டுப்பாட்டு டவர் இல்லாத ஏர்போர்ட்டில் அப்படி முடியாது. அங்கே இறங்குகிறவர்கள் பேட்டர்ன் என்ற சுற்றில் வருவார்கள்: ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போவது டவுன்விண்ட், குறுக்கே திரும்புவது பேஸ், ஓடுபாதையை நோக்கி நேராக வருவது ஃபைனல். டவுன்விண்டிலிருந்து பேஸுக்குத் திரும்பும்போது இடது இறக்கை சாய்ந்து ஃபைனல் பக்கத்தை மறைத்துவிடும். அதனால் திரும்பும் முன்பே இறக்கையைக் கொஞ்சம் தூக்கி எட்டிப் பார்க்க வேண்டும், ரேடியோவுக்கும் காது கொடுக்க வேண்டும். பார்த்து, திரும்ப ஆரம்பித்ததும் இது கத்தும். அந்தச் சத்தத்தில் ரேடியோவில் பேசுபவரின் “...மைல் ஃபைனல்” என்ற கடைசி வார்த்தைகள் மட்டும் காதில் விழும். எத்தனை மைல்? 122.8 என்ற அதே ரேடியோ அலைவரிசையில் பக்கத்து ஊர்க்காரர்களும் பேசுவார்கள், எந்த ஊர் ஃபைனல் என்றுகூடத் தெரியாது.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். 2022 ஆகஸ்ட் 18 அன்று இதே கலிஃபோர்னியாவில் வாட்சன்வில்லில் நடந்ததைப் பறப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டவர் இல்லாத ஏர்போர்ட். செஸ்னா 152 ஒன்று பேட்டர்னில் சுற்றிக்கொண்டிருந்தது. இரட்டை எஞ்சின் செஸ்னா 340 நேராக ஃபைனலுக்கு வந்தது, 180 நாட் (மணிக்குச் சுமார் 330 கி.மீ.) அளவு வேகத்தில். இரண்டு பேருமே ரேடியோவில் அறிவித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பின்னால் வேகமாக வருவதைப் பார்த்த 152-காரர், தான் இறங்கவில்லை என்று சொல்லியும் மோதல் நடந்தது. மூன்று பேர் போய்விட்டார்கள். ஒன்றைக் கண்ணால் பார்த்து, புரிந்துகொண்டு, விமானம் விலகி முடிக்க 12.5 வினாடி ஆகும் என்று எஃப்ஏஏ கணக்குச் சொல்கிறது. 180 நாட்டில் அதற்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடும்.

இந்தச் சனியன் அங்கேதான் தன் விலையைச் சம்பாதிக்கிறது. போன கோடையில் டவுன்விண்டில் இருந்தேன், ரேடியோவில் ஒரு சத்தமும் இல்லை. ஐபேடில் மட்டும் ஃபைனல் நேரில் ஒரு விமானம், பக்கத்தில் அதன் வேகம்: என்னைப்போல் இரண்டு மடங்கு. பேஸுக்குத் திரும்பாமல் டவுன்விண்டை நீட்டினேன். அதற்கப்புறம்தான் அவர் வாயைத் திறந்தார், மூன்று மைல் ஃபைனலாம். அன்றைக்கு அதைத் திட்ட மனம் வரவில்லை.

அதற்காகத் திரை காலியாக இருந்தால் வானமும் காலி என்று நம்பிவிடாதீர்கள். 2020-இல் வந்த ஏடிஎஸ்-பி கட்டாயம் பெரிய ஏர்போர்ட்டுகளைச் சுற்றியும் உயரத்திலும்தான். மின்சார ஏற்பாடே இல்லாமல் தயாரான பழைய பைப்பர் கப் போன்ற சிறு விமானத்துக்கு விலக்கு உண்டு. தாழப் பறப்பவரை ரேடாரும் பல சமயம் பிடிக்காது.

போன வாரமும் பேஸுக்குத் திரும்பும்போது பேய் வந்தது. அந்த எரிச்சலிலேயே நண்பருக்கு, “வாங்காதீங்க, விமானத்தோட கருவிப் பேனலிலேயே பொருத்துற மாதிரி பார்த்துக்கோங்க” என்று பதில் போட்டுவிட்டேன். வாடகை விமானத்தில் பேனலை எப்படித் தொடுவது என்று திருப்பிக் கேட்கிறார். அதுவும் சரிதான். அப்படியானால் வாங்கட்டும், சத்தத்தை மட்டும் முதல் நாளே அணைத்துவிடட்டும்.