மாத்திரை வாசலுக்கு வருகிறது, அதற்கு அப்புறம்? பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பயண அனுபவம்

இந்த முறை சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனபோது கல்யாண வீடு, குலதெய்வம் கோயில் எல்லாம் இரண்டாம்பட்சமாகத்தான் இருந்தன. அம்மாவுக்கு 70 வயது தாண்டிவிட்டது. சுகரும் பிரஷரும் பல வருடங்களாக இருக்கின்றன. போனில் கேட்டால் "நல்லா இருக்கேன், மாத்திரை போடுறேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த வைத்தியம் உண்மையில் எப்படி நடக்கிறது என்று கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துதான் திருச்சியில் இறங்கினேன். என்னைப் போல வெளியூரில் இருந்துகொண்டு பெற்றோரை நினைத்துக் கவலைப்படுகிறவர்களுக்காக, பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் மனம் நிறைந்த விஷயம். அம்மாவின் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும், மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து தேர்வான ஒரு பெண் மாதாமாதம் ஒரு பையோடு வருகிறார். திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்க்கிறார், விரலில் குத்தி சுகர் பார்க்கிறார், அட்டையில் குறித்துக்கொண்டு மாத்திரைகளை எண்ணிக் கொடுக்கிறார். அம்மாவை "பெரியம்மா" என்றுதான் கூப்பிடுகிறார். "பெரியம்மா, போன மாசத்து மாத்திரை ஏன் மிச்சம் இருக்கு?" என்று அவர் கேட்ட கேள்வியை நான் இத்தனை வருடம் போனில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இது 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி, பிறகு தமிழ்நாடு முழுவதும் வந்த திட்டம். 45 வயதைக் கடந்த சுகர், பிரஷர்காரர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டிலேயே மருந்து. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிக்கும் பராமரிப்பு, தேவைப்படுகிறவர்களுக்கு பிசியோதெரபி எல்லாம் இதில் உண்டு. 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது. இதற்குப் பின்னால் ஒரு பழைய அடித்தளமும் இருக்கிறது. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பி வருகிறது. அது இல்லாமல் ஒரு கிராமத்துத் திண்ணை வரை மெட்பார்மின் என்ற சுகர் மாத்திரை தடையில்லாமல் வந்து சேராது.

தேவையின் அளவும் சின்னது அல்ல. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்கு சர்க்கரை நோய் என்று சொன்னது. எங்கள் தெருவில் சுகர் மாத்திரை இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும்.

அம்மாவோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போனேன். சுகர், பிரஷர் போன்ற தொற்றா நோய்க்குத் தனியாக ஒரு நர்ஸ், தனியாக ஒரு பதிவேடு. டாக்டர் கனிவாகப் பேசினார், ஆனால் வரிசை நீளம், ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. வெயிலில் நடந்து வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தவுடனே பிரஷர் பட்டையைக் கட்டிவிட்டார்கள். ஐந்து நிமிடமாவது அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை மேஜையில் வைத்துப் பார்த்தால்தான் சரியான அளவு கிடைக்கும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை பார்க்கச் சொன்னதும் மறுக்காமல் பார்த்தார்கள். அளவு நன்றாகவே இறங்கியிருந்தது. கூட ஒருவர் போவது இதற்காகவாவது உதவும்.

சுவரில் 'இதயம் காப்போம்' பலகை இருந்தது. 2023 ஜூன் முதல், நெஞ்சுவலி என்று வருகிறவருக்கு மாரடைப்பு என்று சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாட்டின் என மொத்தம் 14 மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். பட்டுக்கோட்டையோ தஞ்சாவூரோ போய்ச் சேரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இதை அண்ணியிடமும் பக்கத்து வீட்டாரிடமும் சொல்லி வைத்தேன். வாயுத் தொல்லை என்று நினைத்து சோடா குடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் உயிரை வாங்குகிறது.

சரி, இத்தனையும் இருந்தும் அம்மாவின் அளவுகள் ஏன் கட்டுக்குள் இல்லை? இதைத் தேடிப் போனபோதுதான் உண்மையான விஷயம் கிடைத்தது.

மிச்சம் இருந்தது பிரஷர் மாத்திரை. அம்லோடிபின். அதைப் போட்டால் கால் வீங்குகிறது என்று அம்மா பாதி நாள் போடுவதில்லை. டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று சொல்லவும் இல்லை. கால் வீக்கம் அந்த மாத்திரைக்குத் தெரிந்த பக்கவிளைவுதான். டாக்டரிடம் சொன்னதும் திட்டவில்லை, அளவைக் குறைத்து வேறொன்றைச் சேர்த்துக் கொடுத்தார். இதே மாதிரி எங்கள் சித்தப்பாவுக்கு மாதக்கணக்கில் வறட்டு இருமல். பாட்டில் பாட்டிலாக இருமல் மருந்து குடித்திருக்கிறார். அவர் போட்டுக்கொண்டிருந்தது எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை, வறட்டு இருமல் அதன் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. மாத்திரையை மாற்றினார்கள், இருமல் போயிற்று. தாங்களாக நிறுத்துகிறவர்களும் சொல்லாமல் தாங்கிக்கொள்கிறவர்களும்தான் ஊரில் அதிகம். மாற்று மருந்து உண்டு என்பதே பலருக்குத் தெரியாது.

இரண்டாவது விஷயம் எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. முட்டிவலிக்கு அம்மா கடைத்தெருவில் ஒரு மெடிக்கலில் 'செட் மாத்திரை' வாங்கிப் போடுகிறார். சீட்டு கிடையாது, பில் கிடையாது. "முட்டிவலிக்கு ஒரு செட்" என்றால் அட்டையிலிருந்து கத்தரித்து நாலைந்து துண்டுகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள். பிரித்துப் பார்த்தேன். ஒரு துண்டில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையின் பெயர் பாதி தெரிந்தது. இன்னொன்றில் பெயரே இல்லை. டாக்டரிடம் காட்டினேன். சிறியதாக இருந்தது டெக்ஸாமெத்தசோன், ஸ்டீராய்டு என்றார். அதைப் போட்ட நாளில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், உடம்பு தெம்பாக இருக்கும். கூடவே சுகர் தாறுமாறாக ஏறும். டைக்ளோஃபெனாக் பிரஷரை ஏற்றும், ஏற்கெனவே சுகரால் சோர்ந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். அரசு ஒரு கையால் சுகரை இறக்க மாத்திரை கொடுக்க, மெடிக்கல்காரர் இன்னொரு கையால் ஏற்றி விடுகிறார். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்துகள் இவை. எங்கள் தெருவில் விசாரித்தால் வீட்டுக்கு ஒருவர் செட் வாங்குகிறார். காய்ச்சலுக்கும் செட், உடம்புவலிக்கும் செட்.

முட்டிக்கு பாராசிட்டமால் போதும், அதுவும் வேண்டும்போது மட்டும் என்றார் டாக்டர். தொடைத் தசைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்க பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கும் எளிய பயிற்சிதான். அம்மா டிவி பார்த்துக்கொண்டே செய்கிறார்.

சாப்பாட்டில் பெரிய புரட்சி எதுவும் செய்யவில்லை. சிங்கப்பூரில் 2022 டிசம்பரிலிருந்து பானங்களுக்கு சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு அளவுக்கு ஏற்ப ஏ, பி, சி, டி என்று தரம் உண்டு, சி, டி என்றால் கட்டாயம் ஒட்டியிருக்கும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஊரில் அந்த வேலையை நாமேதான் செய்ய வேண்டும். சர்க்கரை போடாத டீயோடு நாலு மேரி பிஸ்கட்டை முக்கிச் சாப்பிட்டால் மாவும் சர்க்கரையும் உள்ளே போகத்தான் செய்யும். கேழ்வரகுக் கூழ் எவ்வளவு குடித்தாலும் சுகர் ஏறாது என்ற நம்பிக்கையும் வலுவாக இருக்கிறது. மாவாக அரைத்துக் கரைத்துக் காய்ச்சிய கூழ் சுகரை வேகமாகவே ஏற்றும். அம்மாவைக் கூழ் குடித்த இரண்டு மணி நேரம் கழித்து சுகர் பார்க்க வைத்தேன், மீட்டரே சொல்லிவிட்டது. அப்புறம் உப்பு. எங்களுக்குக் கடல் பக்கம். கருவாடு இல்லாமல் பழையது இறங்காது, கூடவே ஊறுகாய், மோர் மிளகாய். ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டை வாரம் ஒருமுறை என்று ஒப்புக்கொள்ள வைத்தோம். சோற்றை ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் கீரை, அவரைக்காய், சுண்டல். ராத்திரி சாப்பிட்டதும் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை ஒரு நடை. சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் நடந்தாலே ஏறுகிற சுகர் மட்டுப்படும்.

வீட்டுக்கு வரும் பை தீர்க்காத ஒரு குறை உண்டு. கண், கால், சிறுநீரகம். அம்மாவுக்கு விழித்திரைப் பரிசோதனை செய்து எத்தனை வருடம் ஆயிற்று என்று யாருக்கும் நினைவில்லை. பார்வை மங்கிய பிறகு போனால் மிச்சப் பார்வையைத்தான் காப்பாற்ற முடியும், வருடம் ஒருமுறை முன்கூட்டியே பார்த்தால் லேசர் சிகிச்சையோடு தப்பிக்கலாம். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள். ஆரம்பகட்ட மாற்றம் இருக்கிறது, இப்போதைக்கு சிகிச்சை தேவையில்லை, சுகரையும் பிரஷரையும் பிடித்து வைத்தால் போதும் என்றார்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய சிறுநீரில் அல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின் இரண்டும் பார்த்தோம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்றும் சோதித்தார்கள். வயல் வரப்பில் செருப்பில்லாமல் நடக்கும் பழக்கத்தை அம்மா விட வேண்டும் என்பதில் மட்டும் இன்னும் உடன்பாடு வரவில்லை.

இப்போது போனில் "மாத்திரை போட்டியா" என்று நான் கேட்பதில்லை. கடைசியாகப் பார்த்த பிரஷர் எவ்வளவு? 140க்கு 90க்குள் இருக்கிறதா? மூன்று மாத சராசரி சுகர் எப்போது பார்த்தது? மாத்திரையில் ஏதும் மிச்சம் இருக்கிறதா? வலிக்கு மெடிக்கலில் ஏதாவது வாங்கினாயா? காலில் புண், கொப்புளம் உண்டா? இவற்றைத்தான் கேட்கிறேன். எண்களை அண்ணி ஒரு நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை படம் எடுத்து அனுப்புகிறார். மருந்து கொண்டுவரும் பெண்ணுக்கும் என் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். போன வாரம் அவரே கூப்பிட்டார்: "அக்கா, பெரியம்மாவுக்கு மாத்திரை இந்த மாசம் சரியா தீர்ந்திருக்கு. ஆனா பக்கத்து வீட்டுத் தாத்தா இன்னும் செட்டுதான் வாங்குறாரு, அவர் பையன்கிட்ட நீங்க பேசுறீங்களா?" அவர் பையன் இருப்பது இங்கே சிங்கப்பூரில், ஜூரோங்கில். பேசிவிட்டேன்.