சொதி பழகிய நாக்குக்கு எந்த ஊர்ச் சாப்பாடு? ஹனோய், ஹுவே, சைகோன் ஓர் அலசல்

2023 நவம்பரில் திருச்சியிலிருந்து சைகோனுக்கு வியட்ஜெட் நேரடி விமானம் விட ஆரம்பித்ததிலிருந்து, நெல்லைப் பக்கத்து ஆட்களுக்கு வியட்நாம் எட்டிப் பிடிக்கிற தூரத்துக்கு வந்துவிட்டது. கல்யாணமான புதுசுகள் போகிறார்கள், ரிட்டையர் ஆன வாத்தியார்கள் குழுவாகப் போகிறார்கள், மகன் சம்பாதிக்க ஆரம்பித்ததும் அம்மா அப்பாவை அனுப்பி வைக்கிறான். போய் வந்தவர்களிடம் "அங்க என்னத்தச் சாப்ட்டிய அத்தை?" என்று கேட்டால், "பனீர் பட்டர் மசாலாவும் நானும்தான்டே" என்று பதில் வருகிறது. டூர் நிரலில் தினமும் இரவு 'இந்திய உணவு' என்று போட்டிருக்கும். பஸ் நேராக வட இந்திய பஃபேவுக்குப் போய் நிற்கும். உலகமே தேடிப் போய்ச் சாப்பிடுகிற நாட்டில், நம் ஊரிலேயே கிடைக்கிற பனீரைத் தின்றுவிட்டுத் திரும்புவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை.

அதனால் இந்த அலசல். வியட்நாம் சாப்பாட்டை வடக்கு, நடு, தெற்கு என்று மூன்றாகப் பிரிப்பார்கள். வடக்குக்கு ஹனோய், நடுவுக்கு ஹுவே, தெற்குக்கு சைகோன் என்கிற ஹோ சி மின் நகரம். ஐந்தாறு நாள் டூரில் மூன்றையும் நிதானமாகச் சாப்பிட முடியாது, ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும். திருநெல்வேலி நாக்குக்கு ஹுவேதான் என்பது என் கட்சி. டூர்க்காரர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற ஊரும் அதுதான்.

சைகோனில் ஆரம்பிப்போம், திருச்சி விமானம் அங்கேதான் இறங்குகிறது. நமக்கு இங்கே கால் பதிப்பது எளிது. தேங்காய்ப்பால் சமையலில் தாராளமாகப் புழங்குகிற பகுதி. கோழியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் போட்டுத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிடும் 'கா ரி கா' என்ற கறியை நீள பன்னைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிடுவார்கள். காரம் குறைவு, வாசம் நம் வீட்டு வாசம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அங்கே தொழில் செய்த தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில், பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் துரோங் டின் தெருவில் இன்றும் இருக்கிறது. வியட்நாம்காரர்களே வரிசையில் நின்று ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

சைகோனில் ஃபோ சாப்பிடுவதென்றால் பாஸ்டர் தெருவில் இருக்கும் ஃபோ ஹோவா. அரிசி நூடுல்ஸ், மேலே மெல்லிய இறைச்சி, அதன் மேல் கொதிக்கக் கொதிக்க எலும்புச் சாறு, இதுதான் ஃபோ. தெற்கத்திக்காரர்கள் ஒரு தட்டு நிறையத் துளசி வகை இலைகள், முளைகட்டிய பயறு, எலுமிச்சை, மிளகாய் எல்லாம் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். நமக்கு வேண்டியபடி பிய்த்துப் போட்டுப் பிழிந்துகொள்ளலாம். சாறு சற்று இனிப்பாக இருக்கும். மாட்டிறைச்சி வேண்டாதவர்கள் 'ஃபோ கா' என்று கேட்டால் கோழி போட்டுத் தருவார்கள். டின் கோங் த்ராங் தெருவில் பான் செயோ 46A என்று ஒரு கடை இருக்கிறது. அரிசி மாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்து, பெரிய சட்டியில் முறுகலாக வார்த்து, உள்ளே இறாலும் பன்றி இறைச்சியும் பயறும் வைத்து மடித்துத் தருவார்கள். புளிக்க வைக்காத மாவு, ஆகவே தோசையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அதை ஒரு கீரை இலையில் சுருட்டி, மீனை உப்பில் ஊறவைத்து வடிக்கிற மீன் சாற்றில் முக்கிக் கடிக்க வேண்டும். வெறுமனே சாப்பிட்டால் எண்ணெய்ப் பலகாரம், இலையோடு சாப்பிட்டால் வேறு ருசி.

'கோம் தாம்' என்பது நொய்யரிசிச் சோறு. நம் ஊரில் குருணையைக் கஞ்சிக்கும் கோழிக்கும் ஒதுக்கிவிடுகிறோம். அங்கே அதை ஆவியில் உதிரியாக வேகவைத்து, கரியில் சுட்ட பன்றித் துண்டோடு நகரத்தின் பெருமையாகவே பரிமாறுகிறார்கள். கோம் தாம் பா கியன் பேர்பெற்ற கடை.

மேலப்பாளையம், கடையநல்லூர் ஆட்களுக்கு சைகோனைத்தான் முதலில் சொல்வேன். டோங் டு தெருவில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது. அந்தத் தெருவிலேயே ஹலால் ஃபோ கிடைக்கும். ஹனோயிலும் ஹுவேயிலும் பன்றி கலக்காத கடையைத் தேடிப் பிடிப்பது சிரமம்.

ஆனால் சைகோன் சாப்பாட்டில் ஒரு குறை எனக்குத் தட்டுப்படுகிறது. தெற்கில் சர்க்கரை எதிலும் எட்டிப் பார்க்கும். மீனைக் கொதிக்க வைத்தாலும் இளநீர், பன்றியைச் சுட்டாலும் சர்க்கரை. புளிக்குழம்பும் கருவாடும் தின்று வளர்ந்தவர்களுக்கு இரண்டொரு நாளில் திகட்டிவிடும்.

ஹனோய் இதற்கு நேர் எதிர். அங்கே ஃபோவில் இனிப்பும் கிடையாது, இலைத்தட்டும் கிடையாது. எலும்பை மணிக்கணக்காகக் கொதிக்க வைத்து, சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், அன்னாசிப்பூ, பட்டை போட்டு, தெளிவாக இறுத்த சாறு. மேலே கொஞ்சம் வெங்காயத்தாள். மேசையில் பூண்டு ஊறிய வினிகரும் மிளகாயும் இருக்கும், அவ்வளவுதான். 1954-இல் நாடு இரண்டானபோது வடக்கிலிருந்து தெற்கே போன லட்சக்கணக்கானவர்கள் ஃபோவையும் கொண்டு போனார்கள். தெற்கு அதற்கு இனிப்பும் இலையும் சேர்த்துக்கொண்டது. ஹனோய் தன் பழக்கத்தை விடவில்லை. பாட் டான் தெருவில் இருக்கும் ஃபோ கடையில் காசு கொடுத்து, வரிசையில் நின்று, கிண்ணத்தை நாமே எடுத்துப் போய் உட்கார வேண்டும். லோ டுக் தெருவில் 1979-இல் தொடங்கிய ஃபோ தின் இறைச்சியைப் பூண்டோடு வதக்கிச் சேர்க்கிறது. வதக்கல் வாசம் பழகிய நமக்கு அது இன்னும் ஒரு படி நெருக்கம்.

வெறும் சாற்றின் ருசியை ரசிக்கத் தெரிந்தவர்களுக்கு ஹனோய். சாரமும் காரமும் கேட்கிறவர்களுக்கு அங்கே முதல் நாள் சப்பென்றுதான் இருக்கும். இருந்தாலும் மீன் பிரியர்கள் ஹனோய்க்குப் போனால் சா கா லா வோங் கடையை விடவே கூடாது. 1871-லிருந்து அந்தக் குடும்பம் செய்து வருகிற ஒரே பண்டம் அது. அவர்களால் தெருவின் பெயரே 'சா கா தெரு' ஆகிவிட்டது. எலும்பில்லாத ஆற்று மீன் துண்டுகளை மஞ்சளிலும் சித்தரத்தை வகைக் கிழங்கிலும் ஊறவைத்துச் சுட்டு, மேசைக்கே கரி அடுப்பைக் கொண்டு வந்து, எண்ணெயில் சதகுப்பை இலையும் வெங்காயத்தாளும் கைநிறைய அள்ளிப் போட்டுப் புரட்டுவார்கள். நூடுல்ஸ், வறுத்த வேர்க்கடலை, இறால் விழுது சேர்த்துச் சாப்பிட வேண்டும். தாமிரபரணிக் கெண்டையை மஞ்சள் தடவிப் பொரித்துத் தின்றவர்களுக்கு அந்த வாசனையில் ஒட்டுதல் வரும். விலை தெருக்கடையைவிட நன்றாகவே அதிகம்.

பூன் சா ஹோங் லியன் கடையை எல்லோரும் சொல்வார்கள். 2016 மே மாதம் அமெரிக்க அதிபர் ஒபாமா சமையல் கலைஞர் ஆண்டனி போர்டெய்னோடு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்ட இடம். சுட்ட பன்றி உருண்டை, இனிப்புப் புளிப்பு மீன் சாறு, நூடுல்ஸ், இலைகள். அந்த மேசையைக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பன்றி தொடாதவர்களுக்கு அங்கே வேலை இல்லை.

இனி ஹுவே. 1802 முதல் 1945 வரை நுயென் அரசர்களின் தலைநகரம். அரண்மனைச் சமையல் ஊருக்குள் இறங்கி, சின்னச் சின்னப் பண்டங்களாக இன்னும் புழங்குகிறது. 'பான் பியோ' என்பது உள்ளங்கைக்குள் அடங்குகிற கிண்ணியில் அரிசி மாவை ஆவியில் வேகவைத்தது. மேலே பொடித்த காய்ந்த இறால், வெங்காயத்தாள் எண்ணெய். மீன் சாற்றைக் கிண்ணியிலேயே ஊற்றி, கரண்டியால் வழித்து வாயில் போட வேண்டும். ஒரு பெரிய தட்டில் கிண்ணிகளை அடுக்கிக் கொண்டு வருவார்கள். தட்டு காலியாவதே தெரியாது. சென்னாக்குன்னி வறுத்துச் சோற்றில் தூவிச் சாப்பிட்ட கடலோரத்து வீடுகளுக்கு அந்த மணம் புதிதில்லை. அரிசி மாவை இலையில் தடவி மடித்து வேகவைத்தது 'பான் நாம்', மரவள்ளி மாவில் கண்ணாடி போலத் தெரிகிற கொழுக்கட்டைக்குள் இறாலை வைத்தது 'பான் போட் லோக்'. எல்லாமே ஆவிப் பண்டம், அரிசி, கிழங்கு. இட்லி, இடியாப்பம், கொழுக்கட்டை என்று ஆவியிலேயே காலையைத் தொடங்குகிற ஊர்க்காரர்களுக்கு வயிறு தகராறு செய்யாது. 'ஹாங் மே' என்ற கடையில் இந்த வரிசை முழுவதும் கிடைக்கும்.

'பூன் போ ஹுவே'யைக் குடித்தால்தான் ஃபோவோடு ஒப்பிட்டுப் பேச முடியும். எலும்புச் சாறுதான், ஆனால் எலுமிச்சைப்புல்லைத் தட்டிப் போட்டு, இறால் விழுதைக் கரைத்து, மிளகாய் எண்ணெய் மிதக்கச் சிவப்பாக வரும். நூடுல்ஸ் உருண்டையாக, ஃபோவைவிடத் தடிமன். புளிப்பு, உப்பு, உறைப்பு மூன்றும் ஒரே வாயில் இறங்கும். மாடும் பன்றியும் சேர்ந்தது என்பதால் எல்லோருக்கும் ஆகாது. ஆகிறவர்களுக்கு, வியட்நாமில் நம் நாக்கு முதன்முதலில் விழித்துக்கொள்கிற கிண்ணம் இது.

எனக்கு ஹுவேயில் ரொம்பப் பிடித்தது அரண்மனைப் பண்டம் இல்லை, 'கோம் ஹென்'. வாசனை ஆற்றில் அள்ளுகிற பொடி மட்டியை வேகவைத்து, ஆறிப்போன சோற்றின் மேல் போட்டு, வேர்க்கடலை, நறுக்கிய இலைகள், வாழைத்தண்டு, இறால் விழுது, மிளகாய் எல்லாம் சேர்த்துப் பிசைந்து சாப்பிடுவது. மட்டி வேகவைத்த தண்ணீரைத் தனியே கிண்ணத்தில் தருவார்கள். பழைய சோற்றையும் சின்ன வெங்காயத்தையும் மோர் மிளகாயையும் விட்டுக்கொடுக்காத ஊர்க்காரர்கள், ஆறிய சோற்றுக்கு மரியாதை கொடுக்கிற இன்னொரு ஊரைப் பார்க்காமல் வரலாமா? காலையிலேயே போய்விடுங்கள். விலை மிகக் குறைவு.

டா நாங், ஹோய் ஆன் இரண்டும் பக்கத்தில் இருப்பதால் நடுப் பகுதிக்குக் கூடுதல் லாபம். ஹோய் ஆனின் 'கௌ லாவ்' நூடுல்ஸை பா லே கிணற்றுத் தண்ணீரில் பிசைய வேண்டும் என்பது ஊர் வழக்கு. டா நாங்கில் பா டுவோங் கடையின் பான் செயோ சின்னதாக, முறுகலாக இருக்கும், சைகோன் வகையைவிட எனக்கு அதுதான் மேல்.

2023 ஜூனில், உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிற மிஷலின் வழிகாட்டி வியட்நாமுக்கு முதல் பட்டியல் போட்டபோது ஹனோய், சைகோன் இரண்டு ஊரை மட்டுமே எடுத்துக்கொண்டது, 2024-இல் டா நாங்கைச் சேர்த்தது. முதல் பட்டியலில் நட்சத்திரம் வாங்கிய நான்கில் ஹனோயின் தாம் வி வடக்கத்தி வீட்டுச் சமையல் செய்கிற இடம், செலவு செய்யத் தயாரானவர்கள் போகலாம். ஆனால் அந்தப் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் ஹுவே தப்பிவிடும்.

பாளையங்கோட்டை, டவுன், அம்பை சைவக் குடும்பங்கள் கேட்பது ஒன்றுதான்: "மீன் தண்ணி ஊத்தாம ஏதாவது கெடைக்குமா?" கேட்க வேண்டிய கேள்விதான். காய்கறி மட்டும் போடச் சொன்னாலும் 'நுவோக் மாம்' என்கிற மீன் சாற்றை ஊற்றிவிடுவார்கள். இதற்கும் ஹுவேதான் நல்ல விடை. பௌத்த மடங்கள் நிறைந்த ஊர். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் அசைவம் தொடமாட்டார்கள், அமாவாசை விரதம் இருக்கிற நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. 'சாய்' (Chay) என்று ரோமன் எழுத்தில் பலகை போட்ட கடைகள் முழுச் சைவம். கட்டுப்பாடான மடத்துச் சமையலில் வெங்காயம், பூண்டுகூட இருக்காது. ஹுவேயில் லே குய் டோன் தெருவின் லியன் ஹோவா அப்படிப்பட்ட கடை, விலையும் கைக்கு அடக்கம். ஹனோயில் உ டாம் சாய், சைகோனில் ஹும் இரண்டும் நல்ல இடங்கள், ஆனால் அலங்காரத்துக்கும் சேர்த்துக் காசு. கடைக்காரரிடம் 'ஆன் சாய்' என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள்.

காபியில் மட்டும் ஹனோயை யாரும் மிஞ்சவில்லை. 1946-இல் பால் தட்டுப்பாட்டின்போது முட்டை மஞ்சள் கருவை அடித்துக் காபியில் சேர்த்த கஃபே ஜாங் இன்னும் நடக்கிறது. முட்டை ஆகாதவர்களுக்கு எந்த ஊரிலும் டின்பால் போட்ட வடிகட்டிக் காபி உண்டு. கடுப்பம் நம் டிகாக்ஷனைவிட ஒரு பங்கு கூடுதல்.

டூர் பதிவு செய்யப் போகும்போது டிராவல்ஸ்காரரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். டா நாங், பா நா மலை, தங்கப் பாலம் என்று முடிகிற நிரலில் ஹுவேக்கு ஓர் இரவு சேர்க்கச் சொல்லுங்கள். டா நாங்கிலிருந்து 100 கிலோமீட்டர்தான், ஹாய் வான் கணவாய் வழியாகக் கடலை ஒட்டியே ரயில் போகும். அடுத்தது, இரவுச் சாப்பாட்டுக்கு அவர் கட்டுகிற பஃபே பணத்தைப் பாதி நாளுக்காவது கழிக்கச் சொல்லுங்கள். ஒரு ரூபாய்க்கு அந்த ஊர்ப் பணம் ஏறத்தாழ 300 டாங் கிடைக்கிறது. அந்தப் பணத்தில் ஹுவேயில் ஒரு குடும்பமே பான் பியோவும் கோம் ஹெனும் வயிறு நிறையச் சாப்பிடலாம்.