யானை சினையா? ரத்தத்தில் பார்ப்பதா, லத்தியில் பார்ப்பதா?

குமரி மாவட்டத்துத் திருவிழாக்களில் நெற்றிப்பட்டம் கட்டிய யானையைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வளர்ப்பு யானை சினையா என்று வயிற்றைப் பார்த்துச் சொல்வது பாகனுக்கே சிரமம். சினைக்காலம் ஏறக்குறைய 22 மாதம். ஹார்மோனைத்தான் நம்ப வேண்டும்.

ரத்தத்தைக் காதின் பின்பக்கம் தடித்துத் தெரியும் குழாயில் எடுப்பார்கள். பழகிய யானை பாகன் சொல் கேட்டு நிற்கும். பழகாததை வற்புறுத்துவது பாவம், ஆளுக்கும் ஆபத்து. ஆனாலும் சில விஷயம் ரத்தத்தில்தான் பிடிபடும். யானையின் பருவச் சுழற்சி 13 முதல் 18 வாரம். அதில், கருமுட்டை வெளிவரத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோன் சுமார் 3 வார இடைவெளியில் இரண்டு தடவை எகிறும்; இரண்டாவதில்தான் கருமுட்டை வெளிவரும். ஒரு நாள்கூட நீடிக்காத ஏற்றம் என்பதால் தினமும் ரத்தம் வேண்டும். முதலாவதைப் பிடித்துவிட்டால் இணை சேர்க்க 3 வாரம் அவகாசம் கிடைக்கும், பெரிய விஷயம்!

லத்திக்கு யானையைத் தொடவே வேண்டாம். புதிதாக விழுந்த உருண்டையை உடைத்து, உள்ளிருந்து கொஞ்சம் எடுத்து உடனே ஃப்ரீசரில் வைக்க வேண்டும். மழையில் நனைந்தது உதவாது. இரண்டு பருவமழையும் பெய்கிற நம் ஊரில் இது முக்கியம். வாரம் ஒன்று போதும். கருவைத் தாங்க உதவும் புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் ஒவ்வொரு சுழற்சியிலும் வழக்கமாக 6 முதல் 12 வாரம் உயர்ந்திருந்து இறங்கும். அதற்குமேலும் இறங்கவில்லையென்றால் சினை என்று எடுத்துக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், மாதக்கணக்கான கண்காணிப்புக்கு லத்திதான். கடைசி வாரங்களில் மட்டும் ரத்தம். பிரசவத்துக்குச் சில நாள் முன்பு புரோஜெஸ்டிரோன் சட்டென விழும். லத்தியில் அது தாமதமாகத்தான் தெரியும்.