எச்சரிக்கை: இல்லாத வரிசைக்கு 487 டாலர்

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நான்கு டிக்கெட், 487 டாலர், போயே போய்விட்டது. தியேட்டர்காரர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. ஏமாற்றியது, டிக்கெட்டை மறுவிற்பனை செய்கிறோம் என்று நடுவில் உட்கார்ந்திருக்கும் ஓர் இணையதளம்.

நியூ ஜெர்சியில் எங்களுக்குப் பக்கத்து ஊரில் இருநூறு பேர் உட்காரும் சின்ன நாடகத் தியேட்டர். அங்கே 'கம் ஃப்ரம் அவே' என்ற இசை நாடகத்தைப் போடுகிறார்கள் என்றதும் பெரியவள் துள்ளினாள். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளியை மூடியபோது 38 விமானங்கள் கனடாவின் கேண்டர் என்ற சிற்றூரில் இறங்கினவே, கிட்டத்தட்ட ஏழாயிரம் பேருக்கு அந்த ஊர்க்காரர்கள் சோறும் படுக்கையும் கொடுத்த கதை. நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் 2017 முதல் 2022 வரை ஓடியது. அப்போது விலையைப் பார்த்தே போகவில்லை.

தேடியதும் முதலில் வந்த முகவரியிலேயே தியேட்டரின் பெயர் இருந்தது. உள்ளே போனால் தியேட்டர் முகப்பின் படம், இருக்கை வரைபடம், பச்சை நிறத்தில் '100% உத்தரவாதம்' என்று முத்திரை. மூலையில் ஒரு கடிகாரம் குறைந்துகொண்டே வருகிறது: இன்னும் ஐந்து டிக்கெட்தான் பாக்கியாம். நான்கும் சேர்த்தாற்போல் கிடைக்கிறதே என்று கார்டு எண்ணைத் தட்டினேன். மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று 2025 மே முதல் இங்கே விதி இருக்கிறது. காட்டினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஒளிவுமறைவில்லாத கொள்ளை.

டிக்கெட் வந்ததே நாடகத்தன்று மதியம்தான். ஆர் வரிசை. வாசலில் ஸ்கேன் செய்த பையன் இரண்டு முறை முயன்றுவிட்டு கவுண்டருக்கு அனுப்பினான். அங்கிருந்த அம்மா தாளைப் பார்த்துவிட்டு, "எங்களிடம் எல் வரிசையோடு முடிந்துவிடுகிறதே" என்றார். உண்மையான விலை 42 டாலராம். பாக்கி இருந்தது இரண்டே இருக்கை. 84 டாலர் கட்டிப் பிள்ளைகளை உள்ளே அனுப்பினோம்.

நூறு நிமிட நாடகம், இடைவேளை கிடையாது. நானும் மனைவியும் லாபியில். சுவரில் மாட்டிய டிவியில் சத்தமில்லாமல் பன்னிரண்டு நடிகர்கள் நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் விமானம், திருப்பிப் போட்டால் மதுக்கடை. ஒரு தொப்பியைக் கழற்றினால் ஆளே மாறிவிடுகிறார். ஃபிடில் இசை மட்டும் கதவிடுக்கு வழியாக வந்தது. இதற்கா 487 டாலர்?

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. அந்த இணையதளத்தின் சாட்டில் கேட்டால், "டிக்கெட் அனுப்பியாகிவிட்டது, எங்கள் வேலை முடிந்தது." அந்த வரிசையே இல்லையே என்றால், "இருக்கை மாறலாம் என்று விதிமுறையில் இருக்கிறது." போன் செய்தால் பாட்டுப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். உள்ளே விடவில்லை என்று தியேட்டரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். கவுண்டர் அம்மா அன்றே எழுதிக் கொடுத்தார், பாவம், மன்னிப்பு வேறு கேட்டார். கடிதத்தை அனுப்பியதும் வந்த பதில்: "நிகழ்ச்சி முடிந்துவிட்டதால் பணம் திரும்பத் தரப்படாது." அந்த 100% உத்தரவாதம் எதற்கென்று கேட்டேன். சாட்டை மூடிவிட்டார்கள்.

விவரமாக யோசனைகள் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். சின்ன தியேட்டர் என்றால் நேராக கவுண்டருக்கு போன் போட்டு வாங்குங்கள், அங்கே மனிதர்கள் எடுத்துப் பேசுகிறார்கள். தேடும்போது மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம். கடிகாரம் ஓடினால் பக்கத்தை மூடுங்கள். டெபிட் கார்டு வேண்டவே வேண்டாம். நான் கொடுத்தது கிரெடிட் கார்டு, அதனால் இந்த 487 டாலருக்கு வங்கியில் முறையிடவாவது முடிகிறது. இதற்கு மேல் எழுதப் பொறுமை இல்லை. அந்தப் பக்கத்தை அவர்கள் தூக்குவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வங்கிக்கு அனுப்ப வேண்டும்.