ஏழாயிரம் ரூபாய் நாடாவும் இருபது ரூபாய் நாடாவும்

மரத்தைச் சுற்றிப் பிடித்தால் விட்டத்தை நேரடியாகக் காட்டும் எஃகு நாடா இது. காட்டில் வேலை செய்கிறவர்கள் வாயில் 'டி.பி.எச். டேப்'; மார்பு உயரத்தில் மரத்தின் விட்டம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் டி.பி.எச். ஐந்து மீட்டர் நீளம், உள்ளங்கைக்குள் அடங்கும் உறை, பட்டையில் குத்தி நிறுத்த நுனியில் ஒரு கொக்கி. ஒரு பக்கம் வழக்கமான சென்டிமீட்டர். மறுபக்கத்தில் ஒரு 'சென்டிமீட்டர்' உண்மையில் 3.14 சென்டிமீட்டர்; வகுத்தல் கணக்கை அச்சடித்தவரே முடித்துக் கொடுத்துவிட்டார். இறக்குமதிச் சரக்கு. ஆய்வு உதவித்தொகையிலிருந்து ஏழாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கினேன். அம்மாவிடம் விலையைச் சொல்லவில்லை.

அதற்கு முன் இரண்டு வருடம் கொல்லிமலையில் தையல் நாடாவைத்தான் வைத்திருந்தேன். எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் அப்படித்தான். இருபது ரூபாய், தொலைந்தால் கவலையில்லை. 150 சென்டிமீட்டர்தான் என்பதால் விட்டம் 48 சென்டிமீட்டருக்கு மேல் போகும் மரம் வந்தால் இரண்டை ஒட்டுப்போட்டுச் சுற்ற வேண்டும், அவ்வளவே. ஒருநாள் சும்மா இருக்க முடியாமல் அதை எஃகு அளவுகோலோடு வைத்துப் பார்த்தேன். ஒன்றரை சென்டிமீட்டர் நீண்டிருந்தது. நூற்றுக்கு ஒன்று. கேட்க அற்பம். ஆனால் 30 சென்டிமீட்டர் மரத்தில் அது 3 மில்லிமீட்டர். மெதுவாக வளரும் மரத்துக்கு ஒரு வருட வளர்ச்சியே அவ்வளவுதான் இருக்கும். நீண்ட நாடா குறைத்துக் காட்டும் என்பதால் என் மரங்களில் பாதி வளராமல் நின்றதற்கு வறட்சியைக் காரணம் காட்டி ஒரு பத்தியே எழுதி வைத்திருந்தேன். அந்தப் பத்தியை அழித்த அன்றுதான் இதை வாங்க முடிவு செய்தேன்.

முதுமலையில் இந்திய அறிவியல் நிறுவனம் 1988-89இல் அமைத்த 50 ஹெக்டேர் ஆய்வுக்களத்தில் ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள தண்டைக்கூட விடாமல் கணக்கெடுத்தார்கள். அதே மரத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும் அப்படிப்பட்ட வேலைக்கு நீளாத நாடா அவசியம். ஒரே ஒரு முறை அளந்துவிட்டு வரும் முதுகலை மாணவருக்குத் தையல் நாடாவே போதும். மாதம் ஒருமுறை சரிபார்த்தால் சரி.

குறைகளுக்கு வருகிறேன். மழையில் நனைந்ததைத் துடைக்காமல் சுருட்டினால் மறுநாளே துரு. விளிம்பு விரலைக் கீறும். வழவழப்பான பட்டையில் கொக்கி நிற்பதில்லை. ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். எழுத்து முதலில் அழிவது 10 முதல் 20 வரை. காட்டில் பெரும்பாலான மரங்கள் அந்த அளவில்தான் இருக்கின்றன! ஏழாயிரம் வாங்குகிறவர்கள் அந்த இடத்திலாவது கொஞ்சம் ஆழமாகப் பொறித்திருக்கலாம்.

நாடா சொல்லித்தராத விஷயங்களும் உண்டு. தரையிலிருந்து 1.3 மீட்டரில் அளக்க வேண்டும், சரிவில் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும், கொடி சுற்றியிருந்தால் அதற்கு அடியில் நாடாவை நுழைக்க வேண்டும். வனவியல் கல்லூரியிலிருந்து வருகிறவர்களின் கை 1.37க்கே போகும், அது பழைய நாலரை அடிக் கணக்கு. எங்களோடு வரும் மலைக்காரப் பெரியவர் 1.3 மீட்டருக்கு ஒரு குச்சி வெட்டி வைத்திருக்கிறார். மரத்தடியில் ஊன்றிவிட்டு, "இங்கே பிடி, பாப்பா" என்பார். நான் அளக்கக் கற்றது அவரிடம்தான்; வகுப்பில் இதற்கு ஒதுக்கியது அரைமணி நேரம்.

போன ஜூனில் புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் நாடாவைக் கொடுத்துவிட்டு நான் குறிப்பேட்டோடு தள்ளி நின்றேன். இரவு கணினியில் ஏற்றும்போது பார்த்தால் 94, 88, 110 என்று பூதம் பூதமாக மரங்கள். பகலில் அவன் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், என்னையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும். சென்டிமீட்டர் பக்கத்தைப் படித்துச் சொல்லியிருக்கிறான். எல்லாம் அந்தப் பக்கம்தான் என்றால் 3.14ஆல் வகுத்திருப்பேன், நடுவில் சில மரங்களுக்குச் சரியான பக்கத்தையும் படித்திருக்கிறான். மறுநாள் 212 மரங்களையும் திரும்ப அளந்தோம். அவன் வாயே திறக்கவில்லை.

இப்போது சென்டிமீட்டர் பக்கம் முழுக்கச் சிவப்பு நகப்பூச்சு தடவியிருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உரிந்துவிடுகிறது. திரும்பத் தடவுவது அந்தத் தம்பியின் பொறுப்பு.