கணித ஆய்வுரை: கரும்பலகையா, ஸ்லைடா?

50 நிமிடத் துறைக் கருத்தரங்கு என்றால் கரும்பலகைதான் என் தேர்வு. அதன் மெதுவான வேகமே அதன் பலம்: ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் கேட்பவர் அதை மனத்தில் சரிபார்த்துவிடுவார். நிரூபணத்தின் முக்கியப் படி இப்படித்தான் உள்ளே இறங்கும். ஆனால் பலகையையும் முன்கூட்டியே பிரித்துத் திட்டமிட வேண்டும். வரையறைகளையும் முதன்மைத் தேற்றத்தையும் இடது ஓரத்தில் எழுதி, கடைசி வரை அழிக்காதீர்கள். மற்ற பகுதிகளை வரிசையாக நிரப்பி, மிகப் பழையதை முதலில் அழியுங்கள். இப்போதுதான் எழுதியதை அழித்தால், குறிப்பெடுப்பவர் அங்கேயே தொலைந்துபோவார். பலகையைப் பார்த்தபடியே பேசினால் பின்வரிசைக்குக் குரல் போகாது.

20 நிமிட மாநாட்டு உரைக்கு ஸ்லைடு. படங்கள், எண் அட்டவணைகள், கணினிச் சோதனை முடிவுகள் எல்லாவற்றையும் பலகையில் வரைய நேரமிருக்காது. இங்கே பெரிய ஆபத்து குறியீடுகள்: 3ஆம் ஸ்லைடில் வரையறுத்தது 9ஆம் ஸ்லைடில் திரும்ப வரும்போது திரையில் இருக்காது, நினைவிலும் இருக்காது. அந்த வரையறையை ஒரே வரியில் அங்கேயே மீண்டும் போடுங்கள். ஸ்லைடுக்கு இரண்டு நிமிடம் எனக் கணக்கிட்டால் பத்து போதும். கட்டுரையிலிருந்து முழு நிரூபணத்தை வெட்டி ஒட்டவே கூடாது.

நேரம் தீர்ந்துவிட்டால்? பலகையில் ஒரு துணைத்தேற்றத்தை விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. ஸ்லைடுகளை வேகமாகத் தள்ளினால் அவசரம் எல்லோருக்கும் தெரியும்.